ஆணையும் சுக்கானும்

(கடற்படையில் சுக்கான் பிடித்தவர், ஓய்வுபெற்ற பிறகு துறைமுக இழுவைப் படகுகளில் வேலை பார்த்தவர், இப்போது திருவொற்றியூர் தேரடி அருகே வசிக்கும் பெரியவர் ஒருவர். அவரிடம் ராணுவத்துக்குத் தேர்வான ராயபுரத்து இளைஞன் கேட்டவை.)

சீடன்: ஐயா, அடுத்த மாதம் பயிற்சிக்குப் போகிறேன். அதற்கு முன் ஒரு சந்தேகம் தீர வேண்டும். மேலதிகாரி இட்ட ஆணையை நான் நிறைவேற்றினால், அந்தச் செயலின் பாவ புண்ணியம் அவருக்கா, எனக்கா? இது தெரியாமல் பிரமாணம் எடுக்க மனம் ஒப்பவில்லை.

குரு: கப்பலிலிருந்து தொடங்குகிறேன், தம்பி. நம் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல் தன் இஷ்டத்துக்கு உள்ளே வர முடியாது. துறைமுக பைலட் படகில் போய், கயிற்றேணி பிடித்து ஏற வேண்டும். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எங்கே ஆழம் குறைவு என்பதெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி. அவர் "ஸ்டார்போர்ட் டென்" என்பார்; சுக்கானை வலப்பக்கம் பத்து பாகை திருப்பு என்று அர்த்தம். சுக்கான் பிடித்திருப்பவன் உடனே சக்கரத்தைத் திருப்ப மாட்டான். "ஸ்டார்போர்ட் டென்" என்று அதையே உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பான். முள் பத்தில் வந்து நின்றதும் இன்னொரு முறை அறிவிப்பான். பக்கத்தில் கேப்டன் நின்று கவனித்துக்கொண்டிருப்பார். பைலட் ஏறிவிட்டார் என்பதால் கேப்டனின் பொறுப்பு தீர்ந்துவிடாது. பனாமா கால்வாய்க்கு மட்டும் தனி விதி உண்டு. மற்றபடி உலகத் துறைமுகங்களில் இதுதான் வழக்கம். கப்பல் இடித்துவிட்டால் மூன்று பேரையும் விசாரிப்பார்கள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருவரைக் கேட்பார்கள். ஏன் தடுக்கவில்லை என்று இன்னொருவரைக் கேட்பார்கள். உன் காதில் விழுந்தது என்ன, உன் கை செய்தது என்ன என்று மூன்றாமவனைக் கேட்பார்கள். பொறுப்பைப் பங்கு போட்டால் குறையும் என்று நினைக்காதே. ஒவ்வொருவர் தலையிலும் அது முழுசாகவே விழும்.

சீடன்: ஆனாலும் ஆணையிட்டவருக்குத்தானே அதிகம்?

குரு: அது அவர் பாடு. நீ உன் பங்கைக் கேள்.

சீடன்: ஆணை அன்றைக்குச் சரியாகத் தோன்றி, பின்னால் வீண் என்று தெரிந்தால்?

குரு: 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ஆம் தேதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. அடுத்தது மதராஸ்தான் என்று பட்டணமே காலியாயிற்று. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் அப்போது மிருகக்காட்சி சாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் கொடிய விலங்குகள் தெருவுக்கு வந்துவிடும் என்று அவற்றைச் சுட்டுவிட ஆணை வந்தது. மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டது. ஜப்பான் படை கரையிறங்கவே இல்லை. அந்த ஆணையில் நான் குற்றம் காண மாட்டேன். அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அன்றைக்கு முடிவெடுக்க முடியும். ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கம் போக்கிடமில்லாமல் நின்ற சிங்கத்தைக் குறிபார்த்த காவலனுக்கு, சுட்டது தன் விரல் என்பது கடைசிவரை மறந்திருக்காது. மேலே கேள்.

சீடன்: என் பெரிய தடை இதுதான் ஐயா. சிப்பாய் ஒவ்வொருவனும் ஆணையை எடைபோடத் தொடங்கினால் படை என்று ஒன்று இருக்குமா? 1971-ஐ நினைத்துப் பாருங்கள். நம் விக்ராந்த் கப்பலைத் தேடி பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி இந்த மதராஸ் கடலுக்கே வந்தது. விக்ராந்த் அதற்குள் அந்தமான் பக்கம் போய் ஒளிந்துகொண்டது. கிழக்குப் பிராந்தியத் தளபதி, நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்த் போல நடிக்கச் சொன்னார். சத்தமில்லாமல் இருக்க வேண்டிய போர்க்காலத்தில் கம்பியில்லாத் தந்தியை ஓயாமல் ஒலிக்கவிடச் சொன்னார். மாலுமி ஒருவன் தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பதுபோல ஒரு தந்தியைச் சங்கேதமில்லாமல் வெளிப்படையாகவே அனுப்ப வைத்தார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் "இது விதிக்கு விரோதம்" என்று முரண்டு பிடித்திருந்தால் விக்ராந்தின் கதி என்ன? டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி 90-க்கும் மேற்பட்ட ஆட்களோடு மூழ்கியது. கேள்வி கேட்காத கீழ்ப்படிதலால் அல்லவா அந்தத் தந்திரம் பலித்தது? காந்தியடிகளே இந்தப் பக்கம்தான் நின்றார். 1930-இல் பெஷாவரில் கூட்டத்தைச் சுட மறுத்த கடுவாலிச் சிப்பாய்களை அவர் பாராட்டவில்லை. இன்று மீறக் கற்றுக்கொடுத்தால் நாளை சுதந்திர இந்தியாவின் ஆணையையும் மீறுவார்கள் என்றார். அகிம்சையே உருவானவர் சொன்னதை நான் எப்படித் தள்ளுவது?

குரு: தள்ள வேண்டாம். இந்தத் தடை என்னையும் பல வருஷம் தூங்கவிடாமல் செய்தது. நிதானமாகவே சொல்கிறேன்.

ராஜ்புத்தின் மாலுமிக்கு அட்மிரலின் வரைபடம் தெரியாது. தெரியவும் கூடாது. அவன் பணயம் வைத்தது தன் உயிரை. எதிரே இருந்தது எதிரியின் போர்க்கப்பல். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தை பைலட்டிடம் விட்டுவிடுவது சுக்கான்காரனின் கடமை; அங்கே அவன் எடைபோட்டால் கப்பல் தரைதட்டும். ஆனால் காசிமேட்டு ஃபைபர் படகொன்று நான்கு ஆட்களோடு நேர் முன்னால் குறுக்கிடுகிறது, சொன்ன திசையில் திருப்பினால் அதன்மேல் ஏறிவிடும் என்று வை. அதைக் கண்ணால் பார்த்தவன் வாயை மூடிக்கொண்டு திருப்பலாமா? கூவ வேண்டும். கூவியும் ஆணை மாறாவிட்டால் கையை எடுத்துவிட்டு, அதற்கான தண்டனையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

1930 ஏப்ரல் 23 அன்று, பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில், சந்திரசிங் கடுவாலியின் ஆட்களுக்கு வரைபடமே தேவைப்படவில்லை. எதிரில் நின்றது ஆயுதமில்லாத கூட்டம் என்பது பட்டப்பகலில் தெரிந்தது. அவர்கள் அதிகாரிகளைச் சுட்டுவிட்டு ஓடவில்லை, கோட்டையைப் பிடிக்கவில்லை. சுட மறுத்து, ராணுவ நீதிமன்றத்தின் முன் நின்றார்கள். சந்திரசிங்குக்கு ஆயுள் தண்டனை. 1941-இல்தான் வெளியே வந்தார். 1931 காந்தி–இர்வின் ஒப்பந்தத்திலும், ஆணை மீறிய சிப்பாய்க்கும் போலீஸ்காரனுக்கும் பொது மன்னிப்பு இல்லை என்றே எழுதினார்கள். காந்தியடிகள் அஞ்சியது தண்டனைக்குத் தயாராக இல்லாத மீறலைக் கண்டு என்றால் அவரோடு நான் உடன்படுகிறேன். பெஷாவரில் நடந்ததையும் அதே வகையில் சேர்த்தது சரியில்லை என்பதே என் துணிபு.

நீ எடுக்கப்போகும் பிரமாணம் சின்ன விஷயமில்லை. இந்த ஊர் மகிழ மரத்தடியில்தான் சங்கிலியாரைப் பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தார். திருவாரூர் வசந்த விழா நினைவு வந்ததும் அதை மீறிப் புறப்பட்டார். ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் ஆரூரிலும் கிடைக்கும்வரை குருடராகவே நடந்தார். சத்தியத்தை மீறினால் விலை உண்டு, மீறுகிறவனே அதைக் கொடுக்க வேண்டும் என்பதைத் திருவொற்றியூர்க்காரனுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூவுவதைக் கேட்பதற்கு மேலே ஆளும் வேண்டும். 1806-இல் புதுத் தலைப்பாகையை அணிய மாட்டோம் என்று வேலூர்ச் சிப்பாய்கள் மே மாதமே வாய்திறந்து சொன்னார்கள். பதிலாக இருவருக்குத் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கலகம் வெடித்தது. அத்தனை பேர் செத்த பிறகு அந்த ஆணையை வாபஸ் வாங்கினார்கள்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். 1987 செப்டம்பர் நடுவில், யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படையின் 54-ஆவது டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங்குக்கு கொழும்பிலிருந்து இந்தியத் தூதர் தீட்சித் தொலைபேசியில் பேசினார். பேச்சுவார்த்தைக்கு வரும் விடுதலைப் புலிகள் தலைவர் பிரபாகரனைக் கைதுசெய், அல்லது சுடு என்றார். ஹர்கிரத் பின்னாளில் தம் நூலில் எழுதியது இது. நூல் வந்தபோது தீட்சித் உயிரோடு இல்லை. தளபதி உடனே மறுக்கவுமில்லை, துப்பாக்கியை எடுக்கவுமில்லை. பிறகு அழைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தம் மேலதிகாரி லெப்டினன்ட் ஜெனரல் திபிந்தர் சிங்கைக் கேட்டார். வெள்ளைக் கொடியை நம்பி வருகிறவனை முதுகில் சுடுவது படையின் வழக்கமில்லை என்று அவர் சொன்ன பதிலை அப்படியே தூதருக்குத் தெரிவித்தார். பைலட் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு கேப்டன் முகத்தைப் பார்ப்பது என்பது இதுதான். அக்டோபர் 10-இல் புலிகளோடு போர் மூண்டது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் மாண்டார்கள். தமிழ் மக்கள் பட்ட பாடு தனிக்கதை. 1990 மார்ச் 24 அன்று இலங்கையை விட்டுப் புறப்பட்ட கடைசி அணி நம் மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அன்றே சுட்டிருந்தால் இத்தனையும் மிச்சமாகியிருக்கும் என்பவர்கள் உண்டு. அதை யாராலும் நிரூபிக்க முடியாது. பேச அழைத்தவனைக் கொன்ற படையின் சொல்லை அதன் பிறகு எந்த ஊரில் யார் நம்புவார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஹர்கிரத் செய்தது சரி.

1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தில் 41-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மேலதிகாரியின் ஆணையை வேண்டுமென்றே எதிர்த்து மீறினால் 14 ஆண்டுவரை சிறை என்கிறது. அதே பிரிவு, அந்த ஆணை சட்டப்படியானதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிரமாணம் எடுப்பதற்கு முந்தைய நாள் அதை எழுத்து விடாமல் படித்துவிட்டுப் போ.