மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பறை

அரியலூரில் சிமெண்ட் லாரிகள் புழுதி கிளப்பிப் போகும் சாலையோரம் இருக்கிற சேரிப் பையன் அவன். சென்னையில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்தான். முதல் பருவத்தில், அவரவர் ஊரின் ஒலியைப் பதிவு செய்து வரச் சொன்னார்கள். அவன் பறையைக் கொண்டுபோனான்.

அப்பாவிடம் கேட்கவில்லை. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று தொண்ணூறுகளில் நிறுத்தியவர்களில் அவரும் ஒருத்தர். அதற்காக ஊர்க்காரர்கள் அறுப்பு வேலை தரவில்லை, கடையில் சாமான் தரவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் தாய்மாமன் இன்னும் அடிக்கிறார். வைக்கோல் தீயில் காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியுமாக அவர் அடித்ததைச் செல்போனில் பிடித்துப் போனான். நல்ல மார்க். வகுப்பில் நாலு பேர் பென்டிரைவில் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தன் அதைக் குளிர்பான விளம்பரப் பயிற்சிக்குப் பின்னணியாகப் போட்டான்.

லீவில் வந்தவன் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினான். "நான் வுட்டத நீ ஏண்டா எடுத்த?" என்றார் அவர். பையன் என்னிடம் வந்தான். "அண்ணே, தப்புப் பண்ணிட்டனா?"

கைவசம் ஒரு பதில் இருந்தது. பறை நம் கலை, மீட்டெடுப்போம் என்று மேடையில் நானே பேசியதுதான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையெடுத்ததையும், 2025இல் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்ததையும் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வழக்கு பழசு. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்தார். அயோத்திதாசர் அந்தப் பேரையே தள்ளினார். 1907இல் தன் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று வைத்தார். இத்தனைக்கும் இருவரும் மைத்துனர்கள்!

அப்பா மறுத்தது தோலையும் கட்டையையுமா? அவர் மறுத்தது கூப்பிடுகிற அதிகாரத்தை. எழவு விழுந்தால் ராத்திரியில் ஆள் வரும். போயே ஆக வேண்டும். உடம்புக்கு முடியல என்று சொல்ல முடியாது, கூலி பேச முடியாது. கம்ப்யூட்டருக்குள் ஒலி என்பது வழக்கமாக நொடிக்கு 44,100 எண்கள். அந்தப் பறையைக் காய்ச்ச வேண்டாம். தோல் தொய்யாது, கை வலிக்காது. தட்டினால் வரும், எத்தனை தரம் வேண்டுமானாலும். முப்பது வருஷமாக ஊர் தேடிக்கொண்டிருந்த ஆள் இதுதானே?

அதற்காகக் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று சொல்ல நான் தயாரில்லை. அப்படிச் சொன்னால் நம் பிள்ளைகள் திரும்பவும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் மாமா அடித்துக் காட்டியது மருமகனுக்கு. விளம்பரத்துக்குப் போடலாமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. பையனும் கேட்கவில்லை. "மாமாதானண்ணே" என்றான். நம்மாளுதானே என்று நாமே கேட்காமல் விடுவது எவ்வளவு! இயக்கத்திலும் இதே கதைதான்.

பதிவைத் திருப்பிக் கேட்டிருக்கிறான். மூன்று பேர் அழித்துவிட்டதாகச் சொன்னார்களாம். நானும் அவனும் மாமாவைப் பார்க்கப் போனோம். அவர் முழுசும் கேட்டுவிட்டு, "அந்த வெளம்பரத்துக்கு எவ்வளவு குடுத்தாங்க?" என்றார். பயிற்சிக்குத்தான், காசு கிடையாது என்றான் பையன்.

"அப்ப எழவு வூடே தேவல. சாராயக் காசாவது குடுப்பான்."