வரவேற்பறைக் கேமராவும் விருந்தறமும்

வாசலில் மாட்டும் கேமராவும் வீட்டுக்குள் வைக்கும் கேமராவும் ஒரே கடையில்தான் விற்கின்றன. அவை பார்க்கும் ஆட்கள் வேறு. வாசல் கேமரா இன்னார் என்று தெரியாதவரைப் பார்க்கிறது. உள்ளே இருப்பதோ, வீட்டார் தாமே கதவைத் திறந்து ‘வாங்க’ என்று அழைத்து உட்காரவைத்தவரைப் பார்க்கிறது. திருடன் வரலாம், வராமலும் போகலாம். அத்தையும் சித்தப்பாவும் தீபாவளிக்குக் கட்டாயம் வருவார்கள். கள்ளனுக்காக வாங்கிய கருவியில் சொந்தக்காரர்கள் பதிவாகிக்கொண்டிருப்பது இப்படித்தான். இதில் எழும் அறக்கேள்விகள் இரண்டு. அழைத்து வந்தவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வீட்டாருக்கு உரிமை உண்டா என்பது ஒன்று. எல்லாவற்றையும் இறைவன் பார்க்கிறான் என்று நம்புகிறவர் கேமராவுக்கு மட்டும் ஏன் கூச வேண்டும் என்பது மற்றொன்று. பின்னதே கடினம்.

கோலாலம்பூரின் பங்சாரில் இந்தக் கேள்விகள் எழ நிறைய இடமுண்டு. காலனிய ஆட்சியில் ரப்பர் தோட்டமாக இருந்த பகுதி, பிற்பாடு பங்சார் பாரு, லக்கி கார்டன், பங்சார் பார்க் என்று வரிசை வீடுகளும் பங்களாக்களும் நிறைந்த வசதியான குடியிருப்பாயிற்று. வீடு புகுந்து திருடுவார்கள் என்ற அச்சமும் வசதியோடு சேர்ந்தே வளர்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தாமான்களில் (குடியிருப்புகளில்) தெருமுனையிலேயே காவலர் கூண்டும் தடுப்புக் கட்டையும் இருக்கும். இப்படிப்பட்ட தடுப்பு செல்லும் என்று கோத்தா டாமான்சாரா குடியிருப்பு ஒன்றைப் பற்றிய வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. காவலர், கேட், இரும்புக் கிராதி, அலாரம் ஆகிய அனைத்தையும் தாண்டிய பிறகும் வரவேற்பறையில் ஒரு கேமரா எதற்கு? வீட்டார் சொல்லும் காரணங்கள் உண்மையானவை. தனியே இருக்கும் அம்மா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தால் தெரிய வேண்டும். பணிப்பெண் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று அலுவலகத்திலிருந்து பார்க்க வேண்டும். மெல்பர்னில் இருக்கும் மகனுக்கு வீட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.

அதே வீட்டுக்கு ஈப்போவிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் உறவினர் வருகிறார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை போக முதல்நாள் இரவே வந்து ஹாலில் பாய் விரித்துப் படுப்பார்கள். பந்தாய் மருத்துவமனையிலோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலோ சிகிச்சை என்றால் ஒரு வாரம் கூடத் தங்குவார்கள். திறந்த இல்ல விருந்து நாளில் வந்துபோகிறவர்களை எண்ணி மாளாது. இவர்களில் எத்தனை பேருக்கு அலமாரி மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளை உருண்டை என்னவென்று தெரியும்?

அந்த உருண்டை செய்யும் வேலை கொஞ்சமல்ல. அகன்ற லென்ஸ் அறை முழுவதையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரும். விளக்கை அணைத்தாலும் அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும். ஆள் அசைந்தால் வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு அறிவிப்பு போகும். பதிவு ஒரு சிறு அட்டையில் சேர்ந்து, இடம் நிறைந்ததும் பழையது அழிந்து புதியது ஏறும். சந்தா கட்டினால் நிறுவனத்தின் கிளவுடில் தங்கும். இவற்றைவிடப் பெரிய விஷயம் மைக். படம் பிடிப்பதைப் பற்றி யோசிக்கிறவர்கள்கூட ஒலியை மறந்துவிடுகிறார்கள். பெண் பார்க்க வந்த குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். பலகாரம் வைத்துவிட்டு ‘பேசிக்கிட்டு இருங்க’ என்று வீட்டார் உள்ளே போவது வழக்கம். வந்தவர்கள் தமக்குள் நாலு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்றே அந்த நேரம் ஒதுக்கப்படுகிறது. மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்பதும், அக்கா உதட்டைப் பிதுக்குவதும், அப்பா ‘வீட்டுக்குப் போய்ப் பேசலாம்’ என்பதும் இப்போது பதிவாகிவிடுகின்றன. அன்றிரவு பெண் வீட்டார் அதைப் போட்டுக் கேட்டால், மரியாதைக்காக விட்ட இடைவெளி ஒட்டுக்கேட்கும் வசதியாக மாறிவிடுகிறது. கல்யாணம் நடந்தாலும் அந்த உதட்டுப் பிதுக்கல் மருமகளின் நினைவில் எத்தனை ஆண்டு இருக்கும் என்று சொல்ல முடியாது.

தமிழ் அறநூல்களில் விருந்தையும் வேவையும் திருக்குறள் வைத்திருக்கும் இடங்கள் இங்கே கவனிக்கத்தக்கவை. விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். அறத்துப்பாலில் இல்லறத்தானின் கடமைகளுக்குள் வருகிறது. ஒற்றாடல் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம். பொருட்பாலில் அரசனுக்குச் சொல்லப்பட்டது. விருந்தோம்பலின் கடைசிக் குறள், மோந்தால் வாடும் அனிச்சத்தையும் முகம் மாறிப் பார்த்தால் வாடும் விருந்தினரையும் அருகருகே வைக்கிறது. பார்வையே விருந்தினரைக் காயப்படுத்தும் என்பது அதன் கருத்து. ஒற்றாடலிலோ, யாரையெல்லாம் வேவு பார்க்க வேண்டும் என்ற பட்டியலில் அதிகாரிகளும் பகைவரும் மட்டுமின்றி அரசனின் சுற்றத்தாரும் இடம்பெறுகிறார்கள். சொந்தக்காரரைக் கண்காணிக்க வள்ளுவரே அனுமதி தந்துவிட்டார் என்று இதை வைத்து யாரேனும் வாதிடலாம். ஆனால் அந்த அனுமதி அரியணையோடு ஒட்டியது. அரசனின் தம்பி கெட்ட எண்ணம் கொண்டால் நாடு பற்றி எரியும். லக்கி கார்டன் வீட்டுக்காரரின் தம்பி கெட்ட எண்ணம் கொண்டால் ஒரு சங்கிலி காணாமல் போகும். இல்லறத்தானுக்கு வேவு பற்றி ஓர் அதிகாரம் எழுதப்படவில்லை. வீட்டுக்குள் அரசனாக இருக்க விரும்புகிறவர் விருந்தோம்புகிறவராகவும் இருப்பது சிரமம்.

இனி அந்தக் கடினமான கேள்வி. சித்திரகுப்தன் ஒவ்வொருவரின் கணக்கையும் எழுதுகிறான் என்பது நம்பிக்கை. சித்ரா பௌர்ணமியன்று அவனை வழிபடுகிறவர்களும் உண்டு. மறைவென்று நினைத்த இடத்திலும் ஒரு சாட்சி இருக்கிறது என்றால், கேமரா அந்தச் சாட்சிக்கு ஒரு கூட்டாளி என்றுதானே ஆகிறது? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சைவ சித்தாந்தம் இதற்கு நுட்பமான விடை வைத்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் கந்தசுவாமி கோயிலை எழுப்பிய யாழ்ப்பாணச் சைவர்களுக்கும் தமிழ்நாட்டுச் சைவர்களுக்கும் பொதுவான நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம் 13-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 12 சூத்திரங்கள் கொண்டது. கண் தானாகக் காணாது, உயிர் உடன் நின்று காட்டினால்தான் காணும். அதேபோல் உயிரும் தானாக அறியாது, இறைவன் உடன் நின்று கண்டு காட்டுவதால் அறிகிறது என்பது பதினோராம் சூத்திரத்தின் செய்தி. உரைகாரர்கள் இதைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று பிரித்துப் பேசுவார்கள்.

இந்தக் கொள்கைப்படி இறைவனின் பார்வை, பார்க்கப்படும் உயிருக்கே செய்யப்படும் உதவி. அது உயிரோடு கலந்து நிற்கிறது. மூன்றாம் ஆளுக்குச் செய்தி கொண்டு போவதில்லை. சித்திரகுப்தனின் ஏடும் பக்கத்து வீட்டாருக்குத் திறந்து காட்டப்படுவதில்லை. கேமராவின் பார்வை எதிர்த்திசையில் இயங்குகிறது. விருந்தினரைப் பார்க்கிறது, பயன் வீட்டுக்காரருக்குப் போகிறது. பார்க்கிறவர் பார்க்கப்படுகிறவரைப் போலவே ஆசாபாசம் உள்ள ஒரு மனிதர். அவருக்குக் கோபமும் பொறாமையும் பழைய பங்காளித் தகராறும் உண்டு. எல்லாம் அறிந்தவனிடம் ஒன்றை மறைக்க முடியாது என்பதால், அரைகுறையாக அறிகிற மைத்துனரிடமும் மறைக்கக் கூடாது என்று ஆகிவிடாது. எல்லாவற்றையும் பார்க்கும் அந்த அதிகாரத்தைத் தன் கைப்பேசியில் எடுத்துக்கொள்வதில் பக்தியைவிட அகந்தைதான் மிகுதி.

மலேசியாவில் அண்டை வீட்டாரின் சமயமான இஸ்லாமும் இதே திசையில் பேசுகிறது. குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம் பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழையச் சொல்கிறது; 49-ஆம் அத்தியாயம் வேவு பார்ப்பதை விலக்குகிறது. கலீஃபா உமர் பற்றி இஸ்லாமிய மரபில் வழங்கும் கதை ஒன்று உண்டு. ஒரு வீட்டில் தவறு நடப்பதாகச் சந்தேகித்துச் சுவரேறிக் குதிக்கிறார். உள்ளே இருந்தவர், நான் செய்த பாவம் ஒன்று, நீங்கள் செய்தது மூன்று என்கிறார்: வேவு பார்த்தது, வாசல் வழியாக வராதது, சலாம் சொல்லாதது. உமர் ஏற்றுக்கொண்டு திரும்புகிறார். எல்லாம் அறிந்த இறைவனை உறுதியாக நம்பும் மரபே மனிதன் மனிதனை ஒளிந்து பார்ப்பதைத் தடுக்கிறது என்பதுதான் இதில் முக்கியம்.

மறைக்க ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்பவர்களுக்கு விருந்தினரின் ஒரு நாளே பதில். முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பது, சர்க்கரைக்கு ஊசி போடுவது, ஊரிலிருக்கும் மகளிடம் போனில் அழுவது, மொய்க்கு எவ்வளவு வைக்கலாம் என்று கணவனும் மனைவியும் கணக்குப் பார்ப்பது; இவற்றில் குற்றமும் இல்லை, காட்சிக்கு வைக்க ஒன்றும் இல்லை. துக்க வீட்டில் வாய்விட்டு அழுவதும் அப்படியே.

இன்னொரு மறுப்பு வலுவானது. ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த தலைமுறைக்குத் தனிமை என்பதே கிடையாது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை என்றால் இந்தப் பக்கம் சோறு இறங்காது. பங்களாவுக்கு வந்தபின் மட்டும் இதெல்லாம் எதற்கு என்று பெரியவர்கள் கேட்பது நியாயமாகவே படும். ஆனால் லயத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். ஒருவர் குட்டு இன்னொருவர் கையில் இருந்ததென்றால், அவருடையதும் இவர் கையில் இருந்தது. கேட்டது சில நாளில் மறந்தும் போனது. கேமராவில் பார்வை ஒருவழி. நினைவு இயந்திரத்தின் நினைவு. தோட்டத்தில் அப்படி ஒருவழியாகப் பார்த்தவர் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணி. அந்தப் பார்வையை யாரும் உறவு என்று கொண்டாடவில்லை.

சட்டம் இந்த வீட்டு விவகாரத்தில் பெரும்பாலும் தலையிடுவதில்லை. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத் தொடர்புகளுக்கானது; சொந்த, குடும்ப, வீட்டுக் காரியங்களுக்காக ஒருவர் கையாளும் தரவுக்கு அதன் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. மானத்தைக் குலைக்கும் நோக்கத்தோடு ஒருவரின் மறைவுக்குள் புகுந்தால் குற்றவியல் சட்டத்தின் 509-ஆம் பிரிவு பாயும். குளியலறைக் கேமராவுக்கு அது பொருந்தும், ஹால் கேமராவுக்குப் பொருந்துவது கடினம். அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு தரும் தனிநபர் சுதந்திரத்தில் தனியுரிமையும் அடங்கும் என்று சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2010-இல் கூறியது. அண்டை வீட்டு முன்முற்றத்தை நோக்கித் திரும்பியிருந்த கேமராவைத் தனியுரிமை மீறலாக ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் 2011-இல் கண்டது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2014-இல், பொதுத்தெருவைப் படம்பிடிக்கும் வீட்டுக் கேமராவுக்குத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வீட்டு விலக்கு கிடையாது என்றது. வெளியே பார்க்கும் கேமரா மாட்டிக்கொள்கிறது. உள்ளே பார்ப்பது தப்பித்துவிடுகிறது. உறவினருக்கு இடையில் வந்த அரிய வழக்கு கொல்கத்தாவினுடையது. ஒரே வீட்டில் வாழும் சகோதரர்களில் ஒரு தரப்பு, மற்றவரின் சம்மதமின்றிக் குடியிருப்புப் பகுதிக்குள் கேமராக்களை இயக்கியது. அது தனியுரிமையை மீறுவதாகக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஏற்க மறுத்தது. அவர்கள் உடன் குடியிருப்பவர்கள். இரண்டு நாள் தங்கவரும் அத்தைக்கு அந்த நிலைகூட இல்லை.

பதிவு வீட்டோடு நிற்கும் என்ற நம்பிக்கையும் உறுதியற்றது. அமேசானுக்குச் சொந்தமான ரிங் கேமரா நிறுவனத்தின் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டுக் காட்சிகளைப் பார்த்தார்கள் என்ற குற்றச்சாட்டில், அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தோடு 58 லட்சம் டாலருக்கு 2023-இல் உடன்பாடு ஏற்பட்டது.

அப்படியானால் வீட்டார் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள்? கேமரா இருக்கிறது என்று சொல்லி அனுமதி கேட்டால் போதும் என்பது வழக்கமான பதில். அலுவலகத்துக்கு அது சரி. உறவில் முகத்தாட்சண்யம் குறுக்கே நிற்கிறது. ‘கேமரா இருக்கு, பரவாயில்லையா அத்தை?’ என்று கேட்டால் எந்த அத்தையும் ‘அதெல்லாம் வேண்டாம்பா’ என்று சொல்லமாட்டார். சொன்னால், என்ன மறைக்கிறார் என்ற பேச்சு அவர் பின்னால் வரும். மறுக்க முடியாத இடத்தில் பெற்ற சம்மதத்துக்கு மதிப்பு குறைவு. ஆகவே பொறுப்பு கேட்கும் அளவோடு நிற்பதில்லை. விருந்தினர் வாய் திறக்குமுன்பே அணைப்பதும், அணைத்ததை அவர் பார்க்கும்படி லென்ஸைச் சுவர்ப்பக்கம் திருப்புவதும் விருந்தோம்புகிறவரின் வேலை. தாகமா என்று கேட்காமலே தண்ணீர் கொண்டு வருகிற அதே மரபு இது. குழந்தைக்காகவோ நோயாளிக்காகவோ அணைக்க முடியாவிட்டால், எந்த அறை, ஒலி உண்டா, யார் பார்க்கிறார்கள் என்பதை வந்தவுடன் சொல்லி, கேமரா இல்லாத அறையைத் தூங்கக் கொடுப்பது குறைந்தபட்சக் கடமை. பதிவில் தற்செயலாகச் சிக்கியதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. மாதக்கணக்கில் உடன் வாழும் பணிப்பெண்ணுக்கு இந்த மரியாதை இன்னும் கூடுதலாகச் சேர வேண்டும். அவருக்குத் திரும்பிப் போக அன்றிரவே வேறு வீடு கிடையாது.

மிஞ்சுவது, பார்க்கிறவரும் விருந்தோம்புகிறவரும் வெவ்வேறு ஆளாக இருக்கும் நிலை. வீடு அம்மாவுடையது, கேமரா மகன் வாங்கி மாட்டியது, மகன் இருப்பது மெல்பர்னில். அம்மாவைப் பார்க்கக் கிள்ளானிலிருந்து பெரியம்மா வந்து தங்குகிறார். அம்மாவுக்கு அந்தச் செயலியைத் திறக்கவும் தெரியாது. இங்கே கடமை பார்க்கும் கண்ணைப் பின்தொடர்ந்து மகனிடம் போகிறது. பெரியம்மா இருக்கும் நாட்களில் மைக்கை மெல்பர்னிலிருந்தே நிறுத்திவிட்டு, அதை அவருக்குப் போன் செய்து சொல்ல வேண்டியவர் மகன்தான். அம்மாவே ஒரு நாள் கேமரா மேல் துண்டைப் போட்டு மூடினால், அது அவர் வீடு. ஏன் மூடினீர்கள் என்று கேட்கும் உரிமை மகனுக்குக் கிடையாது.