பூச்சுக்குப் பொறுப்பு உண்டா?

நோயாளிக்குப் பொருத்திய சிறுநீர்க் குழாயால் தொற்று வந்தால் பழி யாருடையது? குழாயுடையதா, அதை எடுக்க மறந்தவருடையதா? வெள்ளிப் பூச்சு கிருமியைத் தடுக்கும் என்ற நம்பிக்கையைப் பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில், சில நாட்களுக்கு மட்டும் குழாய் பொருத்தப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 2012இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: வெள்ளிப் பூச்சில் தொற்று 12.5 சதவீதம், வழக்கமான டெஃப்லான் பூச்சில் 12.6. நைட்ரோஃப்யூரசோன் மருந்தேற்றிய குழாயில் 10.6 தானே என்று மறுக்கலாம். நியாயம்தான், ஆனால் அந்தச் சிறு லாபத்தோடு நோயாளியின் அவஸ்தையும் கூடியது. நாளாக ஆக எந்தப் பரப்பிலும் கிருமிகள் படலம் கட்டிவிடும். ஆகவே ‘இன்றும் இந்தக் குழாய் வேண்டுமா’ என்று தினமும் கேட்பது மருத்துவரின், செவிலியரின் அறக்கடமை. விலையுயர்ந்த பூச்சை வாங்கிவிட்டு அந்தக் கடமையிலிருந்து விலக முடியாது. ஆண்டுக்கணக்கில் குழாயோடு வாழ்பவருக்கு இந்தக் கேள்வி பொருந்தாதே என்பது வலுவான ஆட்சேபம். அவர்களுக்கு நல்ல பொருளைத் தேடுவதும் அதே கடமையில் சேரும்.