நாட்டு முட்டைக்கு என்ன விலை நியாயம்?

நாமக்கல் முட்டைக்குத் தினமும் ஒரு விலை உண்டு. 1982இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும், பேப்பரில் வரும். புரட்டாசியில் இறங்கும், குளிர்காலத்தில் ஏறும். வீட்டுக்குப் பின்னால் இருபது நாட்டுக்கோழி வளர்த்து முட்டை விற்கிற அக்காவுக்கு அப்படி எந்தக் குழுவும் இல்லை. அவர் சொல்வதுதான் விலை. பண்ணை முட்டையைப் போல இரண்டு மடங்கு, சில சமயம் மூன்று. இது நியாயமா?

கணக்குப் போட்டால் நியாயம்தான். கூண்டுக்குள் இருக்கும் லெகார்ன் வருடத்துக்கு 300 முட்டைகூட இடும். அடைகாக்கும் குணமே இல்லாதபடி அதைப் பழக்கிப் பெருக்கியிருக்கிறார்கள். நாட்டுக்கோழி 60, 80 இடும். கொஞ்சம் இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். நடுவில் கீரி, பருந்து, வெள்ளைக்கழிச்சல்.

ஆனால் நாம் அதற்காகவா காசு கொடுக்கிறோம்? "சத்து ஜாஸ்தி" என்று கொடுக்கிறோம். புரதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கருவின் அடர்மஞ்சள், கோழி கொத்தித் தின்ற பச்சையிலிருந்து வருவது. அக்காவுக்கு இது தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை. நம் நம்பிக்கையைத் திருத்தவும் இல்லை. அந்த மௌனம் தப்பா?

கிட்டத்தட்ட இதே கேள்வியை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு ரோமானியரான சிசரோ எழுதியிருக்கிறார். பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வியாபாரி கப்பலில் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் இன்னும் கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? சரக்கில் குறையில்லை, பொய்யும் சொல்லவில்லை, போதும் என்கிறார் டயோஜெனிஸ் என்ற தத்துவவாதி. வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதை மறைக்கக் கூடாது என்கிறார் அவருடைய சீடர் ஆண்டிபாட்டர். சிசரோ சீடர் பக்கம்.

நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஒன்று இடிக்கிறது. "சத்து ஏறக்குறைய ஒண்ணுதான் தம்பி, என் கோழி வெயில்ல மேயுது, கம்மியா இடுது, அதான் இந்த வெல" என்று அக்கா சொன்னால் எத்தனை பேர் வாங்குவோம்? நம் உடம்புக்கு என்றால் கேட்ட விலையைக் கொடுப்போம். கோழியின் மேய்ச்சலுக்கும் அவர் உழைப்புக்கும் என்றால் பேரம் பேசுவோம். பண்ணை முட்டையை டீ டிகாஷனில் முக்கி நாட்டு முட்டை என்று விற்கிறவர்கள் பிழைப்பது இந்த இடத்தில்தான். நிறத்தைப் பார்த்துக் காசு கொடுக்கிறவருக்கு நிறம் கிடைத்துவிடுகிறது.

விற்பவர் உண்மை சொல்ல வேண்டும். கேட்டபிறகும் அதே விலையைக் கொடுப்பது வாங்குபவரின் பங்கு. நம் பங்கைச் செய்யாமல் அவரிடம் மட்டும் நேர்மையை எதிர்பார்த்தால், அந்த நேர்மைக்கான நஷ்டத்தையும் அவர் தலையிலேயே கட்டுகிறோம்.