குறிபார்த்தலும் மனச்சாட்சியும்

மனச்சாட்சி பிழைபடுமா என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. மனிதன் தன் மனச்சாட்சியைப் பின்பற்றக் கடமைப்பட்டவன், ஆயினும் அம்மனச்சாட்சி பிழைபடவுங் கூடும் என்றார் மத்தியகால அறிஞர் தோமஸ் அக்குவைனஸ். பிழைபடும் மனச்சாட்சி என ஒன்று இருத்தல் இயலாது என்றார் இமானுவேல் கான்ற். இன்னது கடமை என்று தீர்ப்பதில் ஒருவன் தவறலாம். அத்தீர்ப்பைத் தன் அறிவின்முன் நிறுத்திப் பார்த்தானா இல்லையா என்பதில் அவன் தவற முடியாது என்பது கான்றின் வாதம். இவ்வாதத்தை நூல்களைக் கொண்டு ஆராய்ந்தோர் பலர். யான் இங்கு துணைக்கொள்வது ஒரு சிறிய இரும்புக் கருவியை. துவக்கின் பின்புறத்திற் பொருத்தப்படும் துளைக் குறிகாட்டி அது.

போர் நடந்த மண்ணில், அதுவும் கீரிமலையிற் பிறந்த ஒருவர் இத்தகைய உவமையைத் தேடுவது சிலருக்கு உவப்பாயிராது. உவப்பான பொருள்களைக் கொண்டு மட்டும் ஒழுக்கவியல் பேச இயலாது என்பதே என் விடை.

இலங்கையில் நெடுங்காலம் வழங்கிய லீ-என்பீல்ட் றைபிளை 303 என்ற எண்ணாலேயே எம்மவர் அறிவர். அதன் முந்திய வகையிற் பின்குறி, குழலின்மேல், கண்ணுக்கு எட்டத்தில் அமைந்த வெட்டு ஒன்று. அவ்வெட்டு, குழல்முனையிலுள்ள முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் கண் ஒருங்கே தெளிவாய்க் காண முயலும். மனிதக் கண்ணுக்கு அது முடியாத செயல். ஆதலின் இலக்குச் சுடும் போட்டியாளர்கள் பேர்மிங்ஹாம் நகரத்துப் பாக்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் செய்த துளைக் குறிகாட்டியை வாங்கித் திருகாணியாற் பொருத்திக் கொண்டனர். அது கண்ணுக்கு அண்மையில் நிற்பதால், முன்பு 19 அங்குல அளவினதாயிருந்த இரு குறிகளின் இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகின்றது. இடைவெளி நீளக் கோணப்பிழை குறைகின்றது. துளையின் விளிம்பு மங்கலாகி மறைய, அதன் நடுவை எவருஞ் சொல்லாமலே கண் தானாக நாடும். ஒளி புகும் வழி சிறுத்தலால் முன்குறியும் இலக்கும் ஒருங்கே கூர்மையாய்த் தோன்றும். இதற்கு விலையும் உண்டு. ஒளி குறைகின்றது; அந்தி வேளையில் துளை பயன்படாது; சுற்றுப்புறம் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றது.

துரோணர் மரத்திலிருந்த பறவையைக் காட்டி வினவியபோது, அதன் தலையன்றி வேறெதுவுந் தெரியவில்லை என்று அருச்சுனன் விடையிறுத்த கதையை நாம் அனைவரும் சிறுவயதிற் கேட்டுப் போற்றியிருக்கிறோம். அம்மரத்தடியில் எவரேனும் நின்றிருந்தால் என்செய்வது என்று எந்த மாணவனும் கேட்டதாகத் தெரியவில்லை.

கருவியைப் பொருத்தியபின் செய்யவேண்டியது சோதனை. எம் வினாவுக்கு விடை இங்கேதான் கிடைக்கின்றது. புதிதாய்ப் பொருத்திய குறிகாட்டி பிழையாய் இருப்பினும் அதனூடு நோக்குபவனுக்கு எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். துளையின் நடுவில் முன்குறி, முன்குறியின்மேல் இலக்கு, குறையேதும் தெரியாது. 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீற்றர் வளித்துவக்குப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு முந்திய சோதனைச் சூட்டில், தம் முதற்குண்டு நடுவை விட்டு வெகுதூரம் விலகிச் சென்றதாகவும், தம் குறிகாட்டியின் நிலை மாறியிருந்ததாகவும் இந்திய வீரர் அபினவ் பிந்த்ரா பின்னர் கூறியுள்ளார். பல்லாண்டு பயின்ற கண் அது. அக்கண் துளைவழி நோக்கியபோது ஐயத்துக்கிடமான எதையுங் காணவில்லை. விலகலைச் சொன்னது இலக்குப் பலகை. அவர் திருகிகளைத் திருப்பிச் சரிசெய்து, கடைசிக் குண்டில் 10.8 பெற்று, மொத்தம் 700.5 புள்ளிகளுடன் தங்கம் வென்றார்.

கான்றின் வாதம் தளர்வது இவ்விடத்திலே எனக் கருதுகிறேன். தன் தீர்ப்பைத் தான் சோதித்தேன் என்று ஒருவன் உறுதியாய் அறியலாம். ஆனால் அச்சோதனையும் அதே துளையினூடாக நோக்கிச் செய்த சோதனையாயின் அவ்வுறுதிக்கு என்ன மதிப்பு? நகுல முனிவரின் கீரிமுகம் எம்மூர்த் தீர்த்தத்தில் நீராடியதால் நீங்கிற்று என்பது தலபுராணம். தம் முகத்தைத் தாமே அவர் நேரிற் கண்டிருக்க முடியாது. நீரோ, அருகில் நின்றவரோதாம் அவருக்குச் சொல்லியிருத்தல் வேண்டும்.

சுடுவோர் ஒரு குண்டை வைத்து முடிவுகட்டுவதில்லை. ஐந்து குண்டு சுட்டுத் துளைகளின் அமைப்பைப் பார்ப்பர். அவை சிதறிக் கிடந்தால் குறை கையிலோ, மூச்சிலோ, தளர்ந்த திருகாணியிலோ உளது. குறிகாட்டியை நகர்த்துவதாற் பயனில்லை. அவை ஒருங்கே செறிந்து, ஆனால் நடுவை விட்டு விலகியிருந்தால், கை உறுதியானது, குறிகாட்டியே பிழையானது. ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு தரம் திருகியைத் திருப்புபவன் எந்நாளும் இலக்கை அடையான். நாளுக்கொரு கொள்கை பேசுவோரை நாம் நம்பாததும் இதனாலேயே. எனினும் யான் அதிகம் அஞ்சுவது இரண்டாம் வகையினரையே. 1961 இல் எருசலேமில் விசாரிக்கப்பட்ட அடோல்வ் ஐக்மன், தான் வாழ்நாள் முழுவதும் கான்றின் ஒழுக்கநெறிப்படி நடந்ததாகக் கூறினான். அவனிடம் தடுமாற்றம் இல்லை. குண்டுகள் யாவும் ஓரிடத்திலேயே விழுந்தன. நாம் 'கொள்கைப் பிடிப்பு' என்று புகழ்வது பல வேளைகளில் இச்செறிவை மட்டுமே. அது நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. குண்டு நேர்கோட்டிற் செல்வதில்லை, வளைந்து வீழ்கின்றது. ஆதலின் எக்குறிகாட்டியும் ஒரு குறித்த தூரத்துக்கே சரியானது. நூறு யாருக்குச் சரிசெய்ததை அறுநூறு யாருக்கு அப்படியே கொண்டால் குண்டு இலக்குக்கு வெகு கீழே வீழும். வீட்டிலும் ஊரிலும் பழகிச் சரிசெய்த மனச்சாட்சி, அயலானிடத்துப் பிழையாது நிற்கும். வேறு மொழியினன், வேறு சமயத்தினன் என்னுந் தூரத்தில் அது எங்கு சென்று வீழும்?

1990 இல் கீரிமலை நகுலேஸ்வரம் விமானக் குண்டுவீச்சிற் சேதமுற்றது. வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்விட்டு ஓடினர். உயர்பாதுகாப்பு வலயமாகிய அந்நிலத்துக்கு அவர்களுட் பலர் திரும்பப் பத்தாண்டுகள் பல சென்றன. குண்டு வீசியவரும் கட்டளையிட்டவரும் தம் மனச்சாட்சி தெளிவாய் இருந்தது என்றே சொல்வர். அதனை நாம் ஏற்பதில்லை; ஏற்க வேண்டியதுமில்லை. குண்டு விழுந்த இடத்தில் நின்றவர்கள் நாம். ஆனால் அதே 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் யாவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் சில மணிநேரமே. அன்று எம் சமூகத்தின் மனச்சாட்சி பெரிதும் கலங்கியதாக அதன் ஏடுகளிலும் மேடைகளிலும் அடையாளங்கள் அரிது. அது எமக்குத் தெளிவாய் இருந்தது என்பதை எமக்குரிய சான்றாகக் கொள்ளின், விமானத்தில் இருந்தவனுக்கும் அதே சான்றை வழங்கவேண்டி வரும்.

பழைய சுடுதளங்களில் இலக்குப் பலகையின் கீழே, மண் அணையின் பின் குழியொன்றில் ஓர் ஆள் இருப்பார். ஒவ்வொரு சூட்டின் பின்னும் நீண்ட கழியொன்றை உயர்த்திக் குண்டு பட்ட இடத்தைச் சுட்டிக்காட்டுவது அவர் தொழில். சுட்டவன் அதைப் பார்த்தே தன் திருகியைத் திருப்புவான். சமூக வாழ்வில் அந்த ஆளுக்கு மண் அணை இல்லை. குண்டு பட்டவரே கழியையும் உயர்த்த வேண்டியிருக்கின்றது. 2009 க்குப் பின் யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்குத் திரும்பிய குடும்பங்கள் இன்றும் அங்கு வாழ்கின்றன. எம் பல்கலைக்கழகத்திலிருந்து அத்தெரு தொலைவில் இல்லை. 1990 ஐப்பற்றி அவர்களிடம் நேரிற் கேட்டறிந்தவர் எம்முள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.