நேர்மையின் செலவு யார் கணக்கில்?

'தி பிக் ஹீட்', ஃபிரிட்ஸ் லாங் 1953இல் எடுத்த படம். டாம் டங்கன் என்ற போலீஸ்காரன் தன்னைத்தானே சுட்டுக்கொள்வதில் தொடங்குகிறது. ஊரையே கைக்குள் வைத்திருக்கும் லகானாவிடம் மாமூல் வாங்கிய கதையைக் கடிதமாக எழுதிவைத்துவிட்டுச் சாகிறான். சத்தம் கேட்டு இறங்கிவரும் மனைவி பெர்த்தா அலறவில்லை. கடிதத்தைப் படிக்கிறாள். அவள் போன் லகானாவுக்குத்தான் முதலில் போகிறது. புருஷனின் மனசாட்சி அவளுக்கு வாராவாரம் பணம் தரும் சொத்தாகிவிடுகிறது.

விசாரிக்க வருபவன் டேவ் பேனியன், கை சுத்தமானவன். கிளென் ஃபோர்டு நடித்திருக்கிறார். மனைவிக்கு ஆபாசமாக ஒரு மிரட்டல் போன் வந்ததும் நேரே லகானா வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுகிறான். அந்த வீட்டு வாசலில் காவலுக்கு நிற்பதும் போலீஸ்தான். உள்ளே தாயார் படத்தை மாட்டிவைத்துக்கொண்டு, என் வீட்டில் வந்து இப்படிப் பேசலாமா என்று லகானா கோபிக்கிறான். திருடர்கள் வீட்டு ஒழுக்கம் எப்போதும் கறாரானது! பிறகு பேனியனுக்கு வைத்த வெடி, காரை எடுக்கப் போன அவன் மனைவியைக் கொன்றுவிடுகிறது.

அதற்கு முன்பே, டங்கனைப் பற்றிய உண்மையை அவனிடம் சொன்ன லூசி என்ற பெண் சித்திரவதைப்பட்டுச் செத்திருந்தாள். அவள் பேச்சை அவன் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது டெபி, லகானாவின் அடியாள் வின்ஸின் காதலி. அவள் பேனியனோடு பேசினாள் என்பதற்காக வின்ஸ் கொதிக்கிற காபியை அவள் முகத்தில் ஊற்றுகிறான். லாங் அதைக் காட்டுவதில்லை; கொதிக்கும் பாத்திரத்தைக் காட்டுகிறார், பிறகு அலறல். பக்கத்து அறையில் சீட்டாடிக்கொண்டிருக்கும் போலீஸ் கமிஷனருக்கு, அவளை டாக்டரிடம் கூட்டிப்போகும் வேலை கிடைக்கிறது. ஊழலைப் பற்றி எத்தனை வசனம் எழுதினாலும் இந்த ஓர் ஏவலுக்கு ஈடாகாது.

எனக்கு உறுத்துவது இதற்குப் பின் வருவது. தான் செத்தால் கடிதம் வெளியே வந்துவிடும்படி பெர்த்தா ஏற்பாடு செய்திருக்கிறாள். பேனியன் அவள் கழுத்தை நெரிக்கப்போகிறான்; போலீஸ் வந்துவிட, கொல்லாமல் போகிறான். கொன்றிருந்தால் உனக்கும் வின்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்கிறாள் டெபி. சொன்னவளே பின்னர் போய் பெர்த்தாவைச் சுடுகிறாள். கடிதம் வெளிவருகிறது, கூட்டம் கவிழ்கிறது, டெபி வின்ஸின் குண்டுக்குச் சாகிறாள். பேனியனின் கை கடைசிவரை சுத்தம்.

அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி இருந்தவர்களால்தான் அந்த ஊர் அப்படி ஆனது. ஆனால் நேர்மையானவர்களைப் பாராட்டும்போது அவர்கள் இழந்ததை மட்டுமே கணக்கெடுக்கிறோம். வேலையை விட்டான், பதவியைத் தூக்கியெறிந்தான் என்கிறோம். இடையில் வேலையைவிட்டுப் போன பேனியனுக்கு வேலையும் மேசையும் திரும்பக் கிடைத்துவிடுகின்றன. வேறு வழக்குக்குக் கிளம்பும்போது, காபியைச் சூடாக வைத்திரு என்று சொல்லிவிட்டே போகிறான். அந்தச் சொல் அவனைச் சுடவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.