நோயாளியின் அருகில் நிற்பதும் அமானிதம்



2014ல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் எபோலா பரவியது. கெனமா அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் ஷேக் உமர் கான். உடன் பணியாற்றிய செவிலியர்கள் இறந்தபோதும் அவர் நோயாளிகளைக் கைவிடவில்லை. ரமழானில் அந்நோய் அவரையும் தொற்றியது. ஜூலை 29 அன்று வஃபாத்தானார்.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகக் கூடாது, அங்கிருந்தால் தப்பி ஓடவும் கூடாது என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். அம்வாஸ் கொள்ளைநோயின்போது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அழைத்தும், அபூ உபைதா (ரலி) அவர்கள் தம் படையினரை விட்டு வரவில்லை.

நம் குத்தம்பாக்கத்திலிருந்து நைட் டியூட்டிக்குப் போகும் பிள்ளைகளிடம், "இந்த வேலை வேண்டாம், வந்துவிடு" என்று சொல்லாதீர்கள். பாதுகாப்போடு இருக்கச் சொல்லுங்கள். ஃபர்ளைப் பேணச் சொல்லுங்கள். துஆச் செய்து அனுப்புங்கள். நிய்யத் சரியாக இருந்தால் அந்தப் பணியும் இபாதத்தே.

அல்லாஹ் அவர்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.